கவருக்குள் கை

கழுவித் துடைத்தாயிற்று.
வெயிலில் நிறுத்திப் பார்த்தாலும் வெள்ளை.
வெறுங்கையால் தடவினால்
குறை சொல்ல ஒன்றுமில்லை.

பெங்களூர் ரோட்டில் கடை வைத்திருக்கும் இம்தியாஸ்
சொல்லி அனுப்பியபடி
தக்காளி வந்த மெலிசான கவருக்குள் கையை விட்டு
பானட்டின்மேல் வைத்தேன்.
சரசரவென்றது. உப்புத்தாள்.
தோலுக்குத் தெரியாதது
தோலை மூடினால் தெரிகிறது,
இதை யாரிடம் போய்ச் சொல்ல.

நூறு கிராம் க்ளே, அறுநூற்றைம்பது ரூபாய்.
நீலமாய், பபிள்கம்முக்குப் பெரிய அண்ணன் மாதிரி.
"மண்ணுக்கா இவ்ளோ காசு" என்று
படியில் உட்கார்ந்து சிரித்தார் திம்மராயன்.
கல்லுக்குக் காசு எண்ணுகிற கிருஷ்ணகிரியில்
கேட்கிற கேள்வியா இது.

இஸ்திரிக்கு வைத்திருந்த ஸ்பிரே பாட்டில்,
தண்ணீரில் ரெண்டு சொட்டு ஷாம்பு.
அழுத்தாதே. அது வழுக்கும், நீ கூடவே போ.
நேர்கோட்டில் போ, வட்டம் போடாதே.
நான் வட்டம்தான் போட்டேன்.
எடைமேடை ரசீதில்
லாரி நம்பரைச் சுழித்துச் சுழித்துப் பழகிய கை.

நாலாவது இழுப்பில் ஒட்டிக்கொண்டு நின்றுவிட்டது.
ஜூன் மாதம், பத்தரை மணி,
மாங்கூழ் ஆலைப் பக்கமிருந்து புளித்த காற்று,
அடித்த தண்ணீர் அடித்த இடத்திலேயே காய்ந்திருந்தது.
பிய்த்தெடுத்தால் அங்கே மங்கலாக ஒரு தீற்றல்,
கண்ணாடியில் யாரோ மூச்சு விட்டமாதிரி.
ஆனால் துடைத்தால் போகவில்லை.

நிழலுக்குத் தள்ளினோம்.
பத்தடிதானே, ஸ்டார்ட் எதற்கு.
நான் ஸ்டீயரிங், அவர் பின்னால்.
பாதியில் நின்று மூச்சு வாங்கினார்.
ஆல்ட்டோ. எழுநூற்று முப்பது கிலோ.
எனக்குத் தெரியும்,
நானே மேடையில் ஏற்றி எடை போட்டிருக்கிறேன்.

நிழலில் வழுக்கியது.
சரசர, சர,
பிறகு சத்தமே இல்லை.
சத்தம் நிற்கிற இடத்தில் நிறுத்தணும் என்று
காதுதான் கற்றுக்கொண்டது, கையில்லை.

திருப்பிப் பார்த்தேன்.
நீலத்தில் பொடிப்பொடியாய்ச் செம்புள்ளி,
ராகியைத் தூவினமாதிரி.
துரு.
ஃபேக்டரி ஷெட்டோரம் ஏழு வருஷம் நின்ற வண்டி.
கல் அறுக்கையில் பிளேடுக்கடியில் ஊற்றுகிற
இரும்புக் குருணை
தேய்ந்து தூளாகிப் பறந்து வந்து
பெயிண்டில் பல் பதித்திருக்கிறது.
பலகை பலகையாய்க் கல் கப்பலேறிப் போகிறது,
எடைபோட்டு நான்தான் அனுப்புகிறேன்.
குருணைக்கு ரசீது போட்டதில்லை.

அந்த மெஷினில் அவருக்குப் பதினோரு வருஷம்.

மடித்தேன், பிசைந்தேன், புது முகம் எடுத்தேன்.
பானட் முடிந்தது. கூரை முடிந்தது. இடது பக்கம் முடிந்தது.
வலது கதவுக்கு வரும்போது நழுவி
மண் மண்ணில் விழுந்தது.
ஊதினேன். கழுவலாமா என்று பார்த்தேன்.
கூடாது. விழுந்தால் வீசிவிடு,
ஒரு மணல் போதும், கதவு முழுக்கக் கோடு என்றிருந்தான்.
பாதியாய் வெட்டி வைத்துக்கொள் என்றும் சொன்னான்,
அதைத்தான் மறந்தேன்.
வேலிக்கு அந்தப் பக்கம் போனது அறுநூற்றைம்பது.

கவர் இன்னும் கையில் இருந்தது.
இடது கதவைத் தொட்டேன், கண்ணாடி.
வலது கதவு, உப்புத்தாள்.
சட்டையில்லாமல் படியில் குனிந்திருந்தவரின்
முதுகில் வைத்தேன்.
மூச்சு உள்ளே போகும்போது
தோலுக்கு ரொம்பக் கீழே எங்கோ
சரசர.

"ஈரமா இருக்கு, எடு."
எடுக்கவில்லை.
"வலது கதவு பாக்கியிருக்கே?"
"இருக்கட்டும்" என்றேன்.
"நாளைக்கு ரெண்டு பேரும் லீவு.
முதல்ல பெரியாஸ்பத்திரி.
வர்ற வழியில இம்தியாஸ் கடை."